நடுவில் துளை இல்லாத ஜோடி

சசிரேகா டீச்சருக்குக் கோபம் வரும் என்று பெருநகர் என்கிற அந்தச் சின்ன ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். போய்விட்டுத் திரும்புவதைத்தான் வரும் என்று சொல்ல முடியும். டீச்சரின் கோபம் எங்கும் போனதில்லை. உத்திரமேரூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். காலை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோர சீட்டு அவருடையது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அதில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மறுநாள் உட்காரவில்லை, அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதை அவர்களே வெளியில் சொல்வதில்லை.

இப்படிப்பட்டவருக்குத் தபால்தலை சேகரிப்பதுதான் பொழுதுபோக்கு என்றால், மன அமைதிக்காகச் செய்கிறார் போலிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அவர் அதைத் தொடங்கியதே ஒரு சண்டைக்காக.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சென்னை மண்ணடியில் ஒரு வியாபாரியிடமிருந்து வெளிநாட்டு ஸ்டாம்புப் பொட்டலம் ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். அதில் சுவீடன் நாட்டு ஸ்டாம்பு ஒன்று இருந்தது. ஒரு ராஜாவின் பக்கவாட்டு முகம். இடப்பக்கமும் வலப்பக்கமும் துளையில் கிழித்த பல் இருந்தது. மேலேயும் கீழேயும் மொழுக்கென்று இருந்தது. கத்தரித்த குப்பையை அனுப்பி ஏமாற்றிவிட்டீர்கள் என்று நீளமாக ஒரு கடிதம் எழுதினார். வியாபாரி ஒரு கார்டில் ஒரே வரி பதில் போட்டார்: அம்மா, அது சுருள் ஸ்டாம்பு, பிறக்கும்போதே அப்படித்தான்.

அந்த ஆள் சொல்வது பொய் என்று நிரூபிப்பதற்காக டீச்சர் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க அந்த ஆள் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அதற்காக அவரை மன்னிக்கவே இல்லை. ஆனால் கடைசி வரை அவரிடம்தான் வாங்கினார்.

விஷயம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. பெட்டியில் காசு போட்டால் ஸ்டாம்பு வெளியே வரும் இயந்திரங்கள் அந்த நாடுகளில் இருந்தன. அவற்றுக்காக ஸ்டாம்புகளை நாடாவைப் போலச் சுருட்டி விற்றார்கள். நாடாவில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பக்கத்தில் மட்டும் கிழிக்கத் துளை இருந்தால் போதும். அதனால் சுருள் ஸ்டாம்புக்கு எதிரெதிரே இரண்டு பக்கம் மட்டும் பல். அதே ராஜாவைச் சின்னப் புத்தகமாகச் சேர்த்தும் விற்றார்கள். புத்தகத்தின் ஓரத்தை மொத்தமாக வெட்டுவார்கள் என்பதால் ஓரத்தில் மாட்டிக்கொண்ட ராஜாவுக்கு மூன்று பக்கம் பல், ஒரு பக்கம் மொழுக்கை. முழுத் தாளில் விற்ற ராஜாவுக்கு நான்கு பக்கமும் பல். மூக்கு ஒன்று, கிரீடம் ஒன்று, நிறம் ஒன்று. ஓரத்தைப் பார்த்துத்தான் யார் எங்கே பிறந்தவர் என்று சொல்ல வேண்டும். மனிதர்களிடம் இந்த விசாரணையை வைத்துக்கொள்ளாத டீச்சர், ஸ்டாம்புகளிடம் ஈவிரக்கமில்லாமல் வைத்துக்கொண்டார்.

ஈவிரக்கம் பார்த்தால் ஏமாற வேண்டியதுதான். நான்கு பக்கமும் பல் உள்ள சாதாரண ராஜாவை மேலும் கீழும் பிளேடால் சீவிவிட்டு, அபூர்வமான சுருள் என்று விற்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். டீச்சரின் கோபத்தில் நல்ல பங்கு இவர்களுக்குப் போனது. இணையத்தில் விற்பனைக்கு வரும் படங்களுக்குக் கீழே, "சாதாரண ஸ்டாம்பின் மேல் வைத்துப் பார், உயரம் குறைகிறது. இரண்டு விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இல்லை. வெட்கமாக இல்லையா?" என்று ஆங்கிலத்தில் எழுதிப் போடுவார். அர்ஜென்டினாவில் ஒருவர் அவரைத் தடை செய்துவைத்திருக்கிறார். அதில் டீச்சருக்குக் கொஞ்சம் பெருமை.

ஒற்றை ஸ்டாம்பை நம்பாதே, ஜோடியை நம்பு என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஒட்டியே இருக்கும் இரண்டைச் சீவி ஏமாற்றுவது கஷ்டம். தனியாக வாழ்கிற ஒருவர் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வது ஊரில் சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் காதுபட யாரும் சிரிக்கவில்லை.

அவரிடம் ஒரு ஜோடி இருந்தது. மண்ணடி வியாபாரி கண் மங்கிய காலத்தில் அனுப்பிய ஒரு கலப்படப் பொட்டலத்தில் வந்தது. சுருளில் இருந்து பிரிந்த இரண்டு ராஜாக்கள். இடது ராஜாவுக்கு இடப்பக்கம் பல், வலது ராஜாவுக்கு வலப்பக்கம் பல். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்க வேண்டிய துளை வரிசை இல்லை. துளை போடும் ஊசிகள் அந்த ஒரு முறை மட்டும் இறங்காமல் விட்டிருக்கின்றன. டீச்சரிடம் இருந்ததிலேயே உயர்ந்த பொருள் அதுதான். அதன் உயர்வு முழுக்க அதில் இல்லாத ஒன்றில் இருந்தது. நடுவில் வெட்டினால் ஓரம் போன இரண்டு சாதாரண ஸ்டாம்பு. சேர்ந்திருக்கிற வரைக்கும்தான் அது ஏதோ ஒன்று.

இந்த ஸ்டாம்புப் பேச்சை ஊரிலேயே கொஞ்சமாவது காது கொடுத்துக் கேட்டவள் தம்பி மனைவி ஜெயப்பிரியா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை. திருவிழா நேரத்தில் கோயில் நன்கொடை ரசீதுப் புத்தகத்தையும் அவளிடம்தான் கொடுப்பார்கள். மிஷினில் நூலைக் கோக்காமல் தாளை ஓட்டினால் வரிசையாக ஓட்டை விழும், ரசீதைக் கிழித்துக் கொடுக்க வசதி. டீச்சர் சாயங்காலம் பஸ் இறங்கி அந்தக் கடையில் உட்கார்ந்து, அர்ஜென்டினாக்காரன் வரை எல்லோரையும் திட்டுவார். ஜெயப்பிரியா காலால் மிதித்துக்கொண்டே "ஊம்" கொட்டுவாள். "பல்லு போச்சின்னா மதிப்பு போச்சி ஜெயா. கத்தரி பட்டுதுன்னா அது ஸ்டாம்பே இல்ல" என்பது அங்கே அடிக்கடி காதில் விழும் வசனம்.

போன வருஷம் அப்பா இறந்தார். டீச்சர் நிலத்தில் சரிபாதி கேட்டார். சட்டம் கொடுக்கிறது, கேட்டார். செய்யாற்றுப் பக்கம் இருக்கும் அந்த நிலத்தில் தம்பி மோகன்குமார்தான் விவரம் தெரிந்த நாளிலிருந்து நெல் வைக்கிறான். மோட்டார் ரிப்பேர், உரத்துக்கு அலைச்சல், கடைசிக் காலத்தில் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தது எல்லாம் அவன். சட்டத்துக்கு உள்ளே டீச்சர் சொன்னது சரி. சட்டத்துக்கு வெளியே மோகன்குமார் சொன்னதும் சரி. ஒருவர் மட்டும் சரியாக இருந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

உண்மையில் டீச்சருக்கு அந்த நிலத்தில் இறங்கும் எண்ணமே இல்லை. பட்டாவில் தன் பெயர் வரட்டும், பயிரை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் மனசுக்குள் வைத்திருந்தார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தார். அவன் கேட்கிற ஆள் இல்லை. கோபம் ஒருவரிடம் மட்டும் தங்குகிற குடும்பம் அது அல்ல.

பாகம் பிரித்து வைக்க வேதாசலம் வந்தார். அப்பாவுக்கு அண்ணன் முறை. சுற்றுப்பட்டில் பாதி வீடுகளைப் பிரித்துக் கொடுத்த அனுபவசாலி. ஒருத்தர் பங்கு வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும் என்பது அவர் முறை. வைக்கிறவருக்கு எடுக்கும் உரிமை இல்லாததால் பங்கு தானாகவே சமமாக வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் ஆரம்பித்தார்கள்.

"நெலம் ஆச்சி. பாத்திரம் ஆச்சி. வேற இன்னா கீது?" என்றார் வேதாசலம்.

"அக்கா ரூம்ல ஸ்டாம்பு ஆல்பம் கீது. அதையும் வைக்கச் சொல்லு பெரிப்பா" என்றான் மோகன்குமார்.

"அது என் சம்பளத்துல வாங்கனது" என்றார் டீச்சர்.

"பார்சல்லாம் யார் பேருக்கு வந்துது?"

பார்சல் எல்லாம் அப்பா பெயருக்குத்தான் வந்தன. கல்யாணமாகாத பெண்ணுக்குச் சென்னையில் இருந்து ஓர் ஆண் மாதா மாதம் தபால் போட்டால் ஊர் என்ன பேசும் என்று அந்தக் காலத்தில் அவரே செய்துகொண்ட ஏற்பாடு. ஊர் வாய்க்குப் பயந்து அவர் செய்த ஒரே காரியம் அது. அதுதான் இப்போது வந்து நின்றது.

"பட்டா நைனா பேர்ல கீது, அதனால ரெண்டு பேருக்கும் பொதுன்னு நீதானே சொன்ன? பார்சலும் நைனா பேர்ல கீது. பொதுதான்" என்றான் மோகன்குமார். "இன்னா பெரிப்பா, நான் சொல்றது கணக்கு டீச்சருக்குப் புரியுதா?"

"உனுக்கு அதுல ஒண்ணாவது இன்னா ஏதுன்னு தெரியுமாடா?"

"உனுக்கு நாத்து தெரியுமா, களை தெரியுமா? பாதி கேட்டல்ல?"

வேதாசலத்துக்கு இரண்டும் நியாயமாகப் பட்டன. நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால் பாதியாக வெட்டு என்பதுதான் அவர் படித்த சட்டம். ஆல்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். டீச்சர் கொண்டுவந்தார். தன் வாதத்தைத் தானே உடைப்பது கணக்கு வாத்தியாருக்கு ஆகாத காரியம். கூடத்தில் உட்கார்ந்து, சுருளுக்குச் சுருள், புத்தகத்துக்குப் புத்தகம் என்று பல் பார்த்து இரண்டு அடுக்காக வைத்தார். குனிந்த தலையைப் பார்த்து மோகன்குமாருக்கே ஒரு கணம் சங்கடமாக இருந்தது. முகத்தைப் பார்த்ததும் அந்தச் சங்கடம் போய்விட்டது.

கடைசியில் அந்த ஜோடி மிஞ்சியது. அதற்கு ஈடு வைக்க வேறொன்று இல்லை.

"இது பிரிக்க முடியாது" என்றார் டீச்சர். "வேற எது வேணா எடுத்துக்கச் சொல்லுங்க. இது சேந்துதான் இருக்கணும்."

வேதாசலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ரெண்டு ஸ்டாம்பு கீது. ரெண்டு பேர் கீறீங்க. இதுல இன்னாம்மா பேஜாரு?"

"அப்ப மொத்த ஆல்பத்தையும் அவன எடுத்துக்கச் சொல்லுங்க. இது மட்டும் எனுக்கு."

மோகன்குமார் அதுவரைக்கும் அதைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. இப்போதுதான் பார்த்தான். "அப்ப எனுக்கு அதுதான் வோணும். பாதி. நீ சொன்ன அதே சரிபாதி."

பேச்சு ஏறியது. அவர் அவனை முட்டாள் என்றார். அவன் அவரை ஒண்டிக்கட்டை என்றான். வேதாசலம், வயிறு காய்ந்தால் வாய் நீளும் என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டு உட்காரலாம் என்றார். ஜோடியை யார் கையில் விடுவது என்ற கேள்வி வந்தபோது மட்டும் இருவருக்கும் ஒரே பதில் இருந்தது. ஜெயப்பிரியா கையில். அன்றைக்கு அக்காவும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

"பத்திரம்மா. முடிவு ஆளுக்கு ஒண்ணுதான். இவங்க கத்தரி வெச்சிக் குதறாம, நீட்டா பிரிக்கற மாதிரி பாத்து வை" என்று சொல்லிவிட்டு வேதாசலம் இலைக்குப் போனார்.

சாப்பாடு முடிந்து மூவரும் கூடத்துக்கு வந்தபோது ஜெயப்பிரியா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜோடியைப் பிளாஸ்டிக் உறையோடு டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் வாங்கிப் பார்த்தார். இரண்டு ராஜாக்களுக்கும் நடுவில், மேலிருந்து கீழாக, நூல் பிடித்தது போல ஒரு வரிசை ஓட்டை.

"இன்னாடி இது?"

"கத்தரி பட்டா ஸ்டாம்பே இல்லன்னு நீங்கதானேக்கா சொல்வீங்க. எப்டியும் பிரிக்கத்தான் போறாங்க. வெட்டனா ஒரு பக்கம் பல்லு இல்லாம போயிடும். அதான் கடைக்கு ஓடிப்போய் நூல் இல்லாம ஒரு ஓட்டு ஓட்டனேன். இப்ப ரெண்டுத்துக்கும் ரெண்டு பக்கமும் பல்லு வந்துடும், சுருளுக்கு இருக்கற மாதிரி."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. இத்தனை வருஷம் டீச்சர் சொன்னது அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். நடுவில் துளை இல்லாததுதான் அந்த ஜோடியின் உயிர் என்ற ஒன்று மட்டும், மிஷின் சத்தத்தில் விழாமல் போயிருந்தது.

டீச்சர் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மோகன்குமாருக்கு ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று புரிந்தது, என்னவென்று புரியவில்லை. புரியாத இடத்தில் அவன் கை முந்தும். "சரி, ஓட்டை போட்டாச்சி இல்ல, குடு" என்று உறையை வாங்கி, ஜோடியை வெளியே எடுத்து, ரசீதைக் கிழிப்பது போல ஓர் இழுப்பு இழுத்தான்.

தபால் துறை இயந்திரம் துளை போடும்போது காகிதத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிடும். தையல் ஊசி குத்தி ஒதுக்கித்தான் வைக்கும். நூறு வருஷத்துக் காகிதம் ஊசி சொன்ன வழியில் பாதி தூரம் வந்தது. பிறகு தன் வழியில் போனது. வலது ராஜாவின் மூக்கும் வாயும் இடது ராஜாவோடு போய்விட்டன.

"உனுக்கு ஒரு மூக்கு எக்ஸ்ட்ரா" என்றான் மோகன்குமார், பெரிய துண்டை அக்காவிடம் நீட்டி. சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

டீச்சர் துண்டை வாங்கி உறையில் வைத்தார். "பாகம் முடிஞ்சிது பெரிப்பா. நாளைக்கு சர்வேயருக்கு மனு குடுக்கறேன். நெலத்தை அளந்து கல்லு நடணும்."

"கல்லு எதுக்கும்மா? அவனே பயிர் வெச்சிக்கினு..."

"ரெண்டு பேர் கீறீங்க, இதுல இன்னா பேஜாருன்னு நீங்கதானே கேட்டீங்க. பிரிங்க."

மோகன்குமார் "அக்கா" என்றான். அன்று காலையில் இருந்து அந்தச் சொல்லை அவன் அவரைக் கூப்பிடுவதற்காகச் சொன்னது அதுதான் முதல் தடவை. டீச்சர் ரூமுக்குள் போய்விட்டார்.

சர்வேயர் வந்தார். சங்கிலி பிடித்தார். கோடு நிலத்தின் நடுவில், வாய்க்காலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. டீச்சர் பங்குக்குத் தண்ணீர் போக வழி இல்லை. மோகன்குமார் பங்கில் டிராக்டர் திரும்ப இடம் இல்லை. சரிபாதி. சம்பா பருவத்தில் ஒரு பக்கம் பச்சையாகவும் ஒரு பக்கம் கோரையாகவும் நின்றது. பார்த்தவர்கள் டீச்சரைத் திட்டினார்கள். டீச்சர் தினமும் பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு போனார். பார்க்கப் பார்க்க ஆறும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், அவர்களுக்கு டீச்சரைத் தெரியாது. பார்க்காமல் இருக்க எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்த சீட்டு அவருடையது இல்லை.

தம்பியோடு பேச்சு நின்றது. தையல் கடைக்குப் போவதும் நின்றது. பிறகு ஒரு விடுமுறை நாளில் ஜெயப்பிரியாவே கதவைத் தட்டினாள். கையில், ரவிக்கைத் துணி சுற்றிக் கொடுக்கும் கவரில், மூக்கில்லாத ராஜா.

"இத நீங்களே வெச்சிக்கங்க. அவர் இத வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறாரு. பீரோ மேல தூசில கெடக்குது."

"அது அவன் பங்கு. நான் தொடமாட்டேன்."

"நான்தானேக்கா ஓட்டை போட்டேன். என்னை நாலு வார்த்தை கேட்டுடுங்க. கேக்காம இருக்கீங்களே, அதான் தாங்கல."

டீச்சர் அவளை நிற்க வைத்தே பார்த்தார். இந்த ஊரில் தான் சொன்னதைக் கேட்டவள் ஒருத்திதான். கேட்ட குற்றத்துக்குத்தான் இந்தக் கதி. கேட்காதவர்களிடம் கோபப்பட்டே பழகியவருக்கு, கேட்டவளிடம் எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தத் தெரியாமையும் கோபமாகத்தான் வந்தது.

"குடு இங்க" என்று கவரைப் பிடுங்கினார். ஜன்னலோரம் வெளிச்சத்தில் இரண்டு துண்டுகளையும் ஒட்ட வைத்து, லென்ஸால் ஊசித் தடத்தைப் பார்த்தார். பிறகு துளை எண்ணும் அட்டையை எடுத்து வைத்தார். "எத்தினில வெச்சி ஓட்டன?"

"தையல் நீளமா? ரெண்டு மில்லி."

"ரெண்டு சென்டிமீட்டருக்குப் பத்து ஓட்டை வருது. ஒரிஜினல் ஒம்போதே முக்கால்." டீச்சரின் குரல் ஏறியது. "தெரியுதா உனுக்கு? கிட்டத்தட்ட அதே அளவு. இத ஒரு திருட்டுப் பய கண்டுபுடிச்சான்னா, மொழுக்கை ஸ்டாம்புக்கெல்லாம் பல்லு வெச்சி வித்துடுவான். ஊர்ல ஒரு பேமானிக்குத் தோணாதது உனுக்கு எப்டிடி தோணிச்சி?"

"ரசீது புக்குக்குப் போடறதுதானேக்கா" என்றாள் ஜெயப்பிரியா. நாலு வார்த்தை கிடைத்துவிட்டதில் அவள் முகம் தெளிந்திருந்தது.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்தார். ஸ்டாம்பு சேகரிப்பவர்கள் சங்கத்துக்கு ஒரு மாத இதழ் உண்டு. அதற்கு எழுதப் போகிறேன் என்றார். தையல் மிஷின் துளையை எப்படிக் கண்டுபிடிப்பது: காகிதம் வெட்டுப்பட்டிருக்காது, பின்பக்கம் தடவினால் முள் முள்ளாக நிரடும், கிழிந்தால் கோணலாகக் கிழியும். எச்சரிக்கை. படத்தோடு.

"என் பேர் போடுவீங்களா?"

"போடுவேன். செஞ்சவ பேர் போடாம? ஊர் பேரோட போடுவேன்."

"போடுங்க. கடைப் பேரும் போடுங்க" என்ற ஜெயப்பிரியா, கொஞ்சம் தயங்கி, "அவர் பேரும் வருமாக்கா? அவர்தானே கிழிச்சாரு" என்றாள்.

"அவன் பேர் எதுக்கு?" டீச்சர் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் தட்டினார். "கிழிக்கறதுக்கு எல்லாருக்கும் தெரியும்."

தட்டி முடித்துப் படம் எடுத்ததும், மூக்கில்லாத ராஜாவை அதே கவரில் போட்டு, "அவன் பங்க அவன்கிட்டயே குடுத்துடு. தூசில போடாதன்னு சொல்லு. நான் சொன்னதா சொல்லாத" என்று திருப்பிக் கொடுத்தார்.